மூட்டு மாற்றிய பின் கல்லாவில் அமர எத்தனை நாள்?

நமது தொழிலில் தராசு தேய்வதற்கு முன் முழங்கால் தேய்ந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பது வரை நின்ற நிலை. சரக்கு வண்டி வந்துவிட்டால் மூட்டை இறக்கி அடுக்க வேண்டும். அடித்தட்டிலிருந்து பருப்பு அள்ளக் குந்த வேண்டும். பரண் சரக்கை எடுக்க ஏணி ஏற வேண்டும். சற்று ஓய்ந்து உட்கார்ந்தாலும் சம்மணம்தான். முப்பது ஆண்டுகள் இப்படி உழைத்த கால் ஒருநாள் கணக்குக் கேட்கத்தானே செய்யும்?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை குறித்து நம்மிடம் விசாரிக்கும் உறுப்பினர்கள் பலர். "வலி இருக்குமா? செலவு எவ்வளவு?" என்று தொடங்குவார்கள். பேச்சின் முடிவில்தான் மனத்தில் இருப்பது வெளியே வரும்: "கடையை எத்தனை நாள் விட்டுட்டு இருக்கணும்?" இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. எனவே இந்தச் சிகிச்சையை முடித்து வந்த நமது உறுப்பினர் ஒருவரை, கொல்லிமலை அரியூர் நாட்டில் உள்ள அவரது மளிகைக் கடையிலேயே இரண்டு முறை சென்று கண்டோம். ஐந்தாவது வாரத்தில் ஒருமுறை, தை மாதத்தில் மறுமுறை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "போட்டீங்கன்னா மலைக்கு வர்றவங்க எல்லாம் காலைக் காட்டச் சொல்லுவாங்க" என்பது அவர் சொன்ன காரணம்.

வயது அறுபத்திரண்டு. வலது முழங்கால். "டாக்டர் மூட்டை மாத்தணும்னு சொன்னாருங்க. நான் முப்பது வருசமா மூட்டைதானுங்களே மாத்திக்கிட்டிருக்கேன்னேன்" என்று சிரித்தார்.

அவர் தேதி குறித்த விதம் வியாபாரிக்கே உரியது. சமவெளியில் நமக்கெல்லாம் ஆடி மந்தம். மலையில் அப்படியில்லை. ஆடி 18ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா; அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் கூட்டம் ஏறும் காலம். அந்த வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஆவணி முதல் வாரத்தில் அறுவைக்குப் போனார். ஐப்பசியில் தீபாவளி. இடையில் பத்து வாரம் கிடைக்கிறது என்பது கணக்கு. இந்தக் கணக்கு தவறில்லை என்றே நாமும் சொல்வோம். ஆனால் பத்து வாரத்தையும் காலுக்கே செலவிட வேண்டும் என்பது அப்போது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

முன்னேற்பாடாகச் செய்தவற்றில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்ததால் மருத்துவர் முதலில் தேதி தர மறுத்துவிட்டார். அது கட்டுக்குள் வந்து, சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கிய பிறகே சம்மதித்தார். உடம்பில் எங்கே சீழ் இருந்தாலும் அங்குள்ள கிருமி இரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும். சர்க்கரை அதற்குத் துணை போகும். இரண்டாவது, கல்லாச் சாவியையும் கடன் நோட்டையும் வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மலை இறங்கினார். (அவர் படுத்திருந்த ஆறு வாரத்தில் அந்த அம்மா வசூலித்த பழைய பாக்கி, இவர் ஓராண்டில் வசூலித்ததைவிட அதிகமாம். இதை அந்த அம்மாவேதான் நம்மிடம் சொன்னார், அவர் மறுக்கவில்லை.)

மருத்துவமனை நாட்கள்

இந்த அறுவையில் முழங்காலையே எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதில்லை. தொடை எலும்பின் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் தேய்ந்துபோன மேற்பரப்பை மட்டும் சீவி எடுக்கிறார்கள். மேலே ஓர் உலோகக் கவசம், கீழே ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே உறுதியான பிளாஸ்டிக் துண்டு. வேலை பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, வாக்கரைப் பிடித்து நிற்க வைத்து நாலடி நடக்கச் சொல்வார்கள். இதைக் கேட்டுப் பலர் அஞ்சுகிறார்கள், அஞ்ச வேண்டியதில்லை. படுத்தே கிடந்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும். அந்த உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் சீக்கிரம் நடக்க விடுவதும், கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வதும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பதும். இந்த மருந்தை வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் முதல் ஐந்து வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். வலி குறைந்துவிட்டது என்று இதை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. இது வலி மாத்திரை அன்று.

மூன்று முதல் ஐந்து நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தையலோ கிளிப்போ இரண்டு வாரம் கழித்துப் பிரிக்கப்படும்.

நமது உறுப்பினருக்கு வீடு திரும்புவதே ஒரு சோதனை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு ஒருபுறம் சாய, புதுக் காலை ஊன்றிச் சமாளிக்க வேண்டும். பேருந்தைத் தவிர்த்துக் கார் வைத்துக்கொண்டார். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொண்டு, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கி நின்று, வலி மாத்திரையை மலை ஏறுமுன்பே போட்டுக்கொண்டு வந்தார். மலைவாசிகள் மட்டுமல்ல, நீண்ட தூரம் பயணம் செய்து ஊர் திரும்பும் எவரும் மணிக்கு ஒருமுறை இறங்கி நிற்பது நல்லது.

தலையணை செய்த கெடுதல்

வீட்டில் அன்பினால் ஒரு தவறு நடந்தது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் வலி குறைகிறது. ஆகவே இரவும் பகலும் தலையணை. அவர் பெற்ற மருத்துவமனைச் சீட்டு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பயிற்சி விவரமும் அதில்தான் இருந்தது. யாரும் எடுத்துச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. எந்த மருத்துவமனையானாலும் கிளம்புமுன் "தமிழில் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு. கொள்முதல் சிட்டையைப் படிக்காமல் நாம் கையெழுத்துப் போடுவதுண்டா?

முழங்காலுக்கு அடியில் தலையணை இருந்தால் கால் சற்று மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். பிறகு முழுவதும் நீட்ட வராது; நீட்ட வராத காலில் நொண்டி நடைதான் வரும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தானாகத் தாழ்ந்து நீளும்படி விட வேண்டும். அப்போது வலிக்கும். அந்த வலியைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் முதல்முறை சென்றபோது, அதாவது ஐந்தாவது வாரத்தில், அவர் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். முகத்தில் தெளிவில்லை. "காசைக் கொட்டிக் காலைக் கெடுத்துக்கிட்டேனுங்க" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் முழங்கால் 90 பாகை மடங்க வேண்டும். அவருக்கு மடங்கியது 65 பாகைதான். படி இறங்க 90க்குச் சற்று மேலும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 100க்கு மேலும் தேவை. பொதுவாக ஆறு வாரத்துக்குள் 90ஐத் தொட்டுவிட வேண்டும் என்பார்கள். காலம் கடந்தால் உள்ளே தழும்புத் தசை இறுகிவிடும். பிறகு மயக்கம் கொடுத்து மருத்துவர் மடக்கிவிட வேண்டிய நிலை வரலாம். அது தவிர்க்கப்பட வேண்டிய செலவு, தவிர்க்கப்பட வேண்டிய வேதனை.

அவரைக் காப்பாற்றியது இயன்முறை மருத்துவர் ஒருவரின் வருகை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும் என்பது நம் உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாது. அவரது வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்த சுகாதாரத் தன்னார்வலர்தான் விவரம் சொல்லி ஏற்பாடு செய்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வந்தவர் முதலில் தலையணையை எடுத்தெறிந்தார். பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, குதிகாலைத் தரையில் தேய்த்தபடியே பின்னுக்கு இழுக்கச் சொன்னார். எவ்வளவு தூரம் பின்னே போகிறதோ அங்கே சிமெண்டுத் தரையில் சாக்பீசால் ஒரு கோடு. "நாளைக்கு இந்தக் கோட்டைத் தாண்டணும்." அவ்வளவுதான். கடை திறக்குமுன் ஒருமுறை, பதினோரு மணிக் கூட்டம் ஓய்ந்ததும் ஒருமுறை, மாலையில், இரவு கணக்கு முடித்ததும் என்று நாளைக்கு நான்கு முறை. கோடு போட்டவர் வீட்டம்மா. பாக்கி வசூலித்த அதே கண்டிப்போடு போட்டார் என்பது கோடுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

பயிற்சிக்கு அரை மணி முன்பு வலி மாத்திரை, முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இருபது நிமிடம் வைத்துக் காலை உயர்த்திக்கொள்ளுதல். கடையில் ஐஸ் பெட்டி வைத்திருப்பது இதற்கும் உதவியது.

எது இயல்பு, எது ஆபத்து

இந்தக் காலத்தில் பலரையும் கலங்க வைப்பவற்றில் பெரும்பாலானவை இயல்பானவையே. மாலையானால் கால் வீங்குவது மூன்று மாதம் வரை இருக்கும். புது மூட்டு தொட்டால் சூடாக இருப்பது ஆறு மாதம் வரைகூட நீடிக்கலாம். தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கைப்பிடி அளவு மரத்துப்போய் இருக்கும். அது முழுவதும் சரியாகாமலும் போகலாம். நடக்கும்போது உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்கும். உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசும் சத்தம் அது. இரவில் தூக்கம் வராது. முதல் ஒன்றரை மாதம் இதுதான் பெரிய தொல்லை என்று அனுபவித்தவர்கள் சொல்கிறார்கள். மலச்சிக்கல், பசியின்மை, காரணமில்லாமல் அழுகை வருவது எல்லாம் உண்டு. ஓடியாடிய மனிதன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர் முன் நிற்கும்போது மனம் குன்றத்தான் செய்யும்.

இனிச் சொல்பவை அப்படியல்ல. கெண்டைக்கால் மட்டும் கல்போல் இறுகி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சலும் குளிரும், தையலிலிருந்து நீர் அல்லது சீழ் கசிவது, சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, கீழே விழுந்துவிடுவது: இவற்றில் எது வந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் வந்தால் உடனே 108. மலையில் இருப்பவர்கள் கீழே இறங்க ஆகும் நேரத்தையும் கணக்கில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

கெண்டைக்கால் வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இந்த அறுவைக்குப் பிறகு அதைச் செய்யவே கூடாது. உள்ளே உறைகட்டி இருந்தால் நீவுவதே அதை நகர்த்திவிடும். ஆறாத காயத்தின் மேல் தைலம் பூசுவதும் கூடாது.

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் தேடி வாங்குவது முடவாட்டுக்கால் கிழங்கு. மூட்டு வலிக்கு அதன் சூப் நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். நமது உறுப்பினர் கடை வாசலிலும் ஒரு கூடை இருக்கிறது. "நீங்களே விக்கறீங்க, அப்புறம் ஏன் ஆபரேசன்?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லையாம். சூப்பைச் சூடாகக் குடிப்பதில் சுகம் இருக்கலாம். எலும்பும் எலும்பும் உரசுமளவு தேய்ந்துபோன குருத்தெலும்பை எந்தக் கிழங்கும் வளர்த்துத் தராது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கிழங்கோ, லேகியமோ எதைச் சாப்பிடுவதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, நமக்கே உறைக்கும்படி. சில கடைகளில் பாக்குப் பொட்டலத்தோடு வலி மாத்திரைச் சரமும் தொங்குகிறது. அதில் இரண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வது கடைக்காரருக்கு எளிது. உறைவுத் தடுப்பு மருந்தோடு அவை சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரகமும் கெடலாம். எழுதிக் கொடுத்த மாத்திரை தவிர வேறு வேண்டாம்.

விலைப் பட்டியல்

வியாபாரிகள் பத்திரிகையில் விலையைப் பேசாமல் விட முடியாது. மூட்டு உறுப்பின் விலையில் ஒரு காலத்தில் நடந்தது நமக்கே வியப்பூட்டும். மிகுதியாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்குச் சராசரி அதிகபட்ச சில்லறை விலை 1,58,324 ரூபாய் என்றிருந்தது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் அதற்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. டைட்டானியம், ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600. ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்காக விலை இறங்குமானால் இடையில் இருந்த லாபம் எத்தகையது என்று நாம் சொல்லத் தேவையில்லை. பருப்பில் ஐந்து சதவீதம் வைத்தாலே பதுக்கல்காரன் என்ற பெயர் நமக்கு! உச்சவரம்பு பின்வந்த ஆண்டுகளிலும் நீட்டிக்கப்பட்டது. ஆகவே மருத்துவமனைப் பில்லில் உறுப்பின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லி, அன்றைய உச்சவரம்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறுப்பின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவதும் அவசியம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் சிறு கடைக்காரர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் முதலில் விசாரிக்கலாம். நாமக்கல்லிலும் சேலத்திலும் அத்தகைய மருத்துவமனைகள் உள்ளன.

மறுபடி கடைக்கு

பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலும், எட்டு மாதம் கழித்து 2001 ஜூனில் வலது முழங்காலும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றப்பட்டன. செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த டாக்டர் சித்தரஞ்சன் ராணாவத். இன்றைய மாற்று மூட்டுக்கு முன்னோடியான வடிவத்தை 1974இல் உருவாக்கிய குழுவில் ஒருவர். இரண்டாவது அறுவை முடிந்து ஐந்தாறு வாரத்தில், ஜூலை நடுவில், ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபர் முஷாரப்புடன் உச்சி மாநாட்டில் வாஜ்பாய் அமர்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. உட்கார்ந்து பேசும் வேலைக்கு ஆறு வாரம் போதும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். ஆனால் அவருக்குத் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தது. சீனி மூட்டை இறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நமக்கு நாம் சொல்லும் கணக்கு இது. வாக்கர் மூன்று, நான்கு வாரம், பிறகு கைத்தடி. ஆறாவது வாரத்திலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் கல்லாவில் அமரலாம். கையுள்ள உயரமான நாற்காலி வேண்டும், திண்டும் பலகையும் இனி வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கடைக்குள்ளேயே நடக்க வேண்டும். முழுநாள் கடைக்கு மூன்று மாதம். இரு சக்கர வண்டி, மருத்துவர் சம்மதித்தால், எட்டு வாரத்துக்குப் பிறகு. மலைப்பாதையில் இன்னும் தாமதித்தே. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். குந்துவதும் சம்மணமிடுவதும் வேண்டாம். கழிப்பறைக்கு நாற்காலி வகை. மூட்டை தூக்கும் வேலை நிரந்தரமாக வேறொருவருக்கு. இதில் பேரத்துக்கே இடமில்லை.

எல்லோருக்கும் முழுக் குணம் கிடைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்றே சொல்கிறார். வலி பொறுக்கும் அளவில் இருந்தால் அவசரப்படத் தேவையில்லை. பலன் கிடைத்தவர்களுக்கு நெடுநாள் உழைக்கிறது. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி நூறு மாற்று மூட்டுகளில் 82 வரை 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன.

தை மாதம் நாம் மீண்டும் அரியூர் நாடு சென்றபோது அவர் கல்லாவில் இருந்தார். தீபாவளி வியாபாரத்தைப் பாதி நாள் அவரும் பாதி நாள் வீட்டம்மாவும் பார்த்திருக்கிறார்கள். முழங்கால் 110 பாகை மடங்குகிறது. மூட்டை இறக்க ஆள் வைத்துவிட்டார். எழுந்து நம்மோடு சாலை வரை தடியில்லாமல் நடந்து வந்தார். இடது காலில் மட்டும் லேசாகத் தாங்கல். அது வேறு கணக்கு என்றார். அடுத்த ஆவணியில் அதற்கும் தேதி வாங்கியிருக்கிறார். கட்டிலருகே சிமெண்டுத் தரையில் இருக்கும் சாக்பீசுக் கோடுகளை அதுவரை யாரும் அழிக்கக் கூடாதென்று வீட்டம்மா உத்தரவு போட்டிருக்கிறார்.